தோட்டப் பாடசாலையில் தரம் 6 முதல் 11 வரை: சாப்பாடு, இரத்தசோகை, வராத நாட்கள். எங்கிருந்து தொடங்குவது?

தேயிலைமலை_டீச்சர் கேட்டது:

வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் 1 முதல் 11 வரை 340 பிள்ளைகள். தரம் 6க்கு மேலே 150 பேர், அதில் பெண்பிள்ளைகள் 82. சுகாதாரமும் உடற்கல்வியும் என் பாடம், அதனால் "சுகாதாரம்" என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வருகிறது.

பணவீக்கம் 2022 செப்டம்பரில் 70 வீதத்துக்குக் கிட்டப் போய், 2023 நடுப்பகுதியிலேயே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது என்று பேப்பரில் போடுகிறார்கள். ஏறின விலை அப்படியே நிற்கிறதே. தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ஆனதே 2024இல்தான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பொருளாதார நெருக்கடி முடியவில்லை.

என் பிரச்சினைகள் இவை. பிள்ளைகள் காலையில் வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள். பாடசாலைச் சாப்பாடு தரம் 5 வரைக்கும்தான். வாரத்துக்கு ஒரு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் நாலு பேர் வாந்தி எடுக்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே வீசுகிறார்கள். பெரிய பெண்பிள்ளைகள் மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. தரம் 10 பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

கையில் பெரிய நிதி கிடையாது. எதை முதலில் பிடிப்பது, எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்!

---

பரிசோதகர்_வடக்கு:

டீச்சர், மாத்திரையில இருந்து தொடங்குறன். செலவில்லாமல் உடனே திருத்தக்கூடியது அதுதான்.

வாந்திக்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரை இல்லை, வெறும் வயிறு. பல பாடசாலையளில திங்கள் காலை முதலாம் பாடத்தில குடுக்கினம். திங்கள்தான் வரவு குறைஞ்ச நாள். வாற பிள்ளையும் சாப்பிடாமல் வந்திருக்கும். இரண்டையும் மாத்துங்கோ: புதன்கிழமை, இடைவேளை முடிஞ்ச கையோட, ஏதாவது சாப்பிட்ட பிறகு. அண்டைக்கு வராத பிள்ளைக்கு வியாழன். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டாகக் குடுக்கக் கூடாது.

ஆசிரியருக்கு முன்னால, ஒரு டம்ளர் தண்ணியோட விழுங்க வேணும். வீட்டுக்குக் குடுத்துவிடாதேங்கோ. வீட்டில சின்னப் பிள்ளை இனிப்பெண்டு எடுத்து விழுங்கினால் அது நஞ்சு. மிச்ச மாத்திரையைப் பூட்டுற அலுமாரியில வையுங்கோ. ஈரம் பட்டு நிறம் மாறினதை, உடைஞ்சதை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குத் திருப்பிக் குடுத்திடுங்கோ.

மலம் கறுப்பாகப் போகும் எண்டு முதல் நாளே சொல்லிவிடுங்கோ. அதைச் சொல்லாததாலதான் இரண்டாம் வாரம் அம்மாமார் "இது வேண்டாம்" எண்டு வருவினம். "பிள்ளை பெறாமல் இருக்கக் குடுக்கிற மாத்திரை" எண்டு வதந்தி கிளம்புற இடங்களும் இருக்கு. அதுக்கு நோட்டீஸ் அடிச்சுப் பலனில்லை. பெற்றோர் கூட்டத்தில ஆசிரியர்மாரே ஒவ்வொரு மாத்திரை எடுத்து விழுங்கிக் காட்டினால் கதை முடிஞ்சுது.

அளவு: மாதவிடாய் தொடங்கின பெண்பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது வாரத்துக்கு ஒரு தடவை 60 மி.கி. இரும்பு, 2.8 மி.கி. ஃபோலிக் அமிலம். பெட்டியில "ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி." எண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், அது உப்பின்ர நிறை. அதுக்குள்ள இருக்கிற இரும்பு ஏறக்குறைய 65 மி.கி.தான். எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பு எண்டதை உங்கட எம்.ஓ.எச். அட்டவணைப்படி செய்யுங்கோ. பூச்சி மாத்திரை (மெபெண்டசோல் 500 மி.கி. ஒண்டு) அதோட சேர்ந்து போகாட்டில் குடுக்கிற இரும்பில ஒரு பங்கு கொக்கிப்புழுவுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) இருக்கிற, இரத்தம் ஏத்துற பிள்ளைக்கு இரும்பு குடுக்கவே கூடாது. தொடங்க முதல் வகுப்பு வகுப்பாகக் கேட்டுப் பெயர் எழுதி வையுங்கோ. இரத்தசோகைக்கு வைத்தியர் எழுதின மருந்தை ஒழுங்காக மூண்டு மாதம் எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாத பிள்ளையைத் திரும்பவும் அனுப்ப வேணும். அது இரும்புக் குறைவாக இல்லாமல் தலசீமியாப் பண்பாகவும் (நோயாக இல்லாமல் அதின்ர மரபணுவை மட்டும் காவுறது) இருக்கலாம். 12 வயசு தாண்டின பெண்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ எண்டால் சோகை. பையனுக்கு 15 வயசு வரைக்கும் அதே 12, பிறகு 13. பையன்களுக்கு வராது எண்டு நினைக்காதேங்கோ.

இன்னொண்டு, பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10க்குத்தான் வரும். 200 பிள்ளையளுக்குக் குறைஞ்ச பாடசாலை எண்டால் எல்லாரையும் பாப்பினம், உங்களுக்கு 340. அதனால 6, 8, 9, 11 வகுப்புகளை நீங்கள்தான் பிடிக்க வேணும்: எப்பவும் களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிறது, கீழ் இமை வெளிறினது, மண் அல்லது பச்சை அரிசி தின்னுறது. பெயரை எழுதி உங்கட பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குடுங்கோ. வாய்ச்சொல்லாகச் சொன்னால் மறந்து போகும், எழுதிக் குடுத்தால் அவர் பதில் சொல்லத்தான் வேணும்.

---

போசாக்கு_குறிப்பு:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் டீச்சர், நீங்கள் முதலில் செய்ய வேண்டியது உயரம் அளப்பது. நிறையை மட்டும் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள்.

2016 மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் ஏறத்தாழ 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். அன்றைக்கு அளக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்கு உங்கள் இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் வேகமாக உயர்கிற 11, 12 வயதும் அவர்களில் மூத்தவர்களுக்கு நெருக்கடிக் காலத்தோடு வந்து சேர்ந்தது.

ஏன் தப்பிவிடுவார்கள் என்று கணக்கில் பாருங்கள். 14 வயதுப் பிள்ளை, உயரம் 140 செ.மீ., நிறை 34 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 34 ÷ (1.40 × 1.40) = 17.3. அந்த வயதுப் பெண்பிள்ளைக்குக் கீழ் எல்லை ஏறத்தாழ 15.4. ஆகவே "சாதாரணம்" என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். ஆனால் 14 வயதில் உயரத்துக்கான கீழ் எல்லை ஏறத்தாழ 146 செ.மீ. இந்தப் பிள்ளை அதற்கும் 6 செ.மீ. கீழே. குட்டையாக இருப்பதால் நிறை சரிபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். "எங்க ஆளுங்க எல்லாம் குள்ளம்தானே, பரம்பரை" என்று அதிபர் முதல் பெற்றோர் வரை சொல்வார்கள். பரம்பரை கொஞ்சம் உண்டுதான், மூன்றில் ஒரு பிள்ளையைக் குள்ளமாக்கும் அளவுக்கு அல்ல.

அளக்கும்போது: சுவரில் அளவு நாடாவை ஒட்டுவதானால் அடியில் விளிம்புப் பலகை இல்லாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் குதிகால் சுவரில் படாமல் அளவு பிழைக்கும். சப்பாத்து, காலுறை, தலைமுடிக் கொண்டை எதுவும் கூடாது. குதிகால், பின்பக்கம், தோள் சுவரில் பட, பார்வை நேராக. தலைமேல் புத்தகத்தைச் சுவருக்குச் செங்கோணமாக வைத்து 0.1 செ.மீ. வரை வாசியுங்கள். தராசைச் சீமெந்துத் தரையில் வையுங்கள், பாய் மேல் வைத்தால் பிழையாகக் காட்டும். தொடங்குமுன் 5 கிலோ அரிசிப் பொதி இரண்டை ஏற்றிச் சரி பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஆறு மாதத்தில் 12 வயதுப் பிள்ளை ஒரு செ.மீ. கூட வளரவில்லை என்றால் பிறந்த தேதியைச் சரிபார்த்து, திரும்ப அளந்து, உடனே அனுப்புங்கள்.

சாப்பாட்டு விஷயம். திரிபோஷ (அரசாங்கம் கொடுக்கும் சத்துமா) கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும். பாடசாலை உணவு 2024 மார்ச்சிலிருந்து தரம் 1 முதல் 5 வரை எல்லோருக்கும். அதோடு அரசாங்கத்தின் சோறு நிற்கிறது. அதற்குப் பிறகு அரசாங்கம் இந்தப் பெண்பிள்ளையின் தட்டைப் பார்ப்பது அவள் கர்ப்பிணி கிளினிக்குக்கு வரும் நாளில்தான். நடுவில் பத்து, பன்னிரண்டு வருடம்.

150 பேருக்கும் மதியச் சோறு போடப் பார்க்காதீர்கள், இரண்டாம் மாதமே நின்றுவிடும். இடைவேளைக்கு அவித்த கடலை, கௌபி, பயறு என்று மாறி மாறி, வாரத்துக்கு மூன்று நாள். ஒரு பிள்ளைக்கு உலர்நிறையில் 50 கிராம். அதில் ஏறத்தாழ 170 கலோரி, 10 கிராம் புரதம். 150 பேருக்கு ஒரு நாளைக்கு 7.5 கிலோ. தேங்காய்த் துருவல் ஆளுக்கு 10 கிராம் போட்டால் ஐந்து ஆறு காய் போதும். முதல் நாள் மாலையே ஊறப்போட வேண்டும், குறைந்தது 8 மணித்தியாலம். உங்கள் மலைக் குளிரில் கடலைக்கு 12. இந்த ஊறப்போடுகிற வேலையை யார் செய்வது என்று பெயர் போட்டு வைக்காததால்தான் திட்டங்கள் படுக்கின்றன. பாதி வெந்த கடலை ஒருநாள் போனால் அடுத்த நாள் யாரும் தொடமாட்டார்கள். விறகை விட பிரஷர் குக்கர் நல்லது. உப்பை வெந்த பிறகு போடுங்கள், மிளகாயும் எலுமிச்சையும் கடைசியில். எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல, கடலையில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க அது உதவும். கொய்யா, நெல்லி கிடைக்கும் காலத்தில் ஒரு துண்டு போதும்.

சமைக்கத் தாய்மாரை முறை வைத்து அழைப்பதாக இருந்தால் கவனம். கொழுந்துக்குப் போகிற அம்மா ஒரு நாள் வந்தால் அன்றைக்குப் "பேர்" (ஒரு நாள் சம்பளப் பதிவு) போய்விடும். சம்பளத்தை இழந்து வரச் சொல்வது நியாயமில்லை. ஓய்வுபெற்ற பாட்டிமார், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு இடத்தில்) வேலை செய்து விலகியவர்கள் கிடைப்பார்கள், சின்னக் கொடுப்பனவு ஒன்று ஒழுங்கு செய்யுங்கள்.

---

கொழுந்துக்கூடை:

ஒரு சின்ன விஷயம், யாரும் பெரிசா எடுக்கிறதில்ல. தேத்தண்ணி. ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும் சேர்ந்து போனா மாவுல இருக்கிற கொஞ்ச இரும்பையும் சாயம் பிடிச்சிக்கும். குடிக்காதேன்னு தோட்டத்துல சொன்னா சிரிப்பாங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்ன, இல்ல பின்ன குடிங்கன்னு சொன்னா கேப்பாங்க. மாத்திரை குடுக்கிற புதன்கிழமை கேண்டீன்ல இடைவேளைக்குத் தேத்தண்ணி விக்க வேணாம்னு அதிபர்கிட்ட சொல்லி வையுங்க டீச்சர்.

பையன்க சிலபேர் பசிக்காம இருக்க வெத்தில, பாக்கு, புகையில போடுறாங்க. பல்லப் பார்த்தா தெரியும். 21 வயசுக்குக் கீழ புகையிலை விக்கிறது 2006 சட்டப்படி குத்தம். பாடசாலைக்குக் கீழ இருக்கிற கடைக்காரர்கிட்ட பி.எச்.ஐ. ஒருதரம் போய்ச் சொன்னா அடங்கிடும். பையன அடிச்சுப் பிரயோசனம் இல்ல.

---

மருத்துவிச்சி_அக்கா:

பெண்பிள்ளைகள் வராத நாட்களைப் பற்றி. முதலில் வரவுப் பதிவேட்டை எடுத்து நாலு மாதத்துக்கு ஒவ்வொரு பிள்ளையின் வராத தேதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். 26 முதல் 32 நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் மாதவிடாய். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் வராவிட்டால் அது சம்பள நாள், திருவிழா, அல்லது மழை. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேட் வாங்கிக் கொடுத்தால் பாதிப் பணம் வீண்.

கணக்கு: ஐந்து நாள், நாளைக்கு நான்கு, மொத்தம் 20 துண்டு. பத்துத் துண்டுப் பாக்கெட்டில் இரண்டு. கல்வி அமைச்சு 2024இல் அணையாடை வவுச்சரைத் தொடங்கியபோது அது 1,200 ரூபாய். வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 100 ரூபாய்தான் விழுந்தது, அது மாதத் தேவைக்குப் போதவில்லை. அதனால் வவுச்சரை முழுத் தீர்வாக நினைக்காதீர்கள், பாடசாலை நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் துணி.

துணி கேவலமான விஷயம் இல்லை. சுத்தமான பருத்தித் துணி, கறை போக முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு சவர்க்காரம், பிறகு வெயில். மலையில் வெயில் எங்கே என்று கேட்பீர்கள். மே முதல் செப்டம்பர் வரை துணி மூன்று நாளாகியும் காயாது, வெட்கத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காயவைப்பார்கள், அந்த ஈரத்தில்தான் அரிப்பும் புண்ணும் வருகிறது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி, மேலே மெல்லிய துண்டு ஒன்றைப் போட்டு மூடிக் காயவைக்கலாம், கரண்ட் இருந்தால் இஸ்திரி போடலாம். ஒரு பிள்ளைக்கு ஆறு துணி இருந்தால் மாறி மாறிச் சமாளிக்கும்.

பாடசாலையில் வேண்டியது: உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிவறை, உள்ளேயே வாளியில் தண்ணீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி, சுற்றிப் போடப் பழைய பேப்பர். தொட்டியை யார், எந்த நாள் எரிகுழிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்யாமல் தொட்டி வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் நாற்றம் எடுத்து, பிறகு எல்லாம் கழிவறைக் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு 82 பேருக்கு மாதம் 40 துண்டு வைத்தால் போதும். அலுமாரிச் சாவி ஆண் ஆசிரியரிடம் இருந்தால் ஒரு பிள்ளையும் கேட்க வராது. ஏழு நாளுக்கு மேல் போனாலோ ஒரு மணித்தியாலத்தில் ஒன்று நனைந்தாலோ கிளினிக்குக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு மாத்திரை காணாது.

இன்னொன்றையும் இதோடு பாருங்கள். 2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு. முதல் ஊசி போட்ட பிறகு அம்மா கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போய், பாட்டி வீட்டுக்கு மாறின பிள்ளைகளுக்குத்தான் இரண்டாவது தவறுகிறது. தரம் 7, 8 பிள்ளைகளின் சுகாதார அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

---

தேயிலைமலை_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. உயரத்தை நான் அளந்ததே இல்லை, நிறையை மட்டும் எழுதி வந்திருக்கிறேன். புதன்கிழமை மாத்திரை, திங்கள், புதன், வெள்ளி கடலை என்று தொடங்கப் பார்க்கிறேன்.

வேலைக்குப் போகிற பையன்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதோடு தரம் 10இல் ஒரு பிள்ளை சில வாரமாக ஒருவரோடும் பேசுவதில்லை, "நான் இருந்து என்ன" என்று கொப்பியில் எழுதியிருக்கிறாள். அம்மா வெளிநாட்டில்.

---

உளவள_ஆலோசகர்:

டீச்சர், இரண்டாவதைத் தள்ளிப் போடாதீர்கள். நாளைக்கே தனியாக, ஆனால் கதவு திறந்திருக்கும் அறையில், அவளோடு உட்காருங்கள். சுற்றி வளைக்காமல் நேரே கேளுங்கள்: "சாகணும்னு நினைப்பு வருதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் தவறானது. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பாரம் இறங்கும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்கத் தேவையான ஆளிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். "அம்மா உனக்காகத்தானே கஷ்டப்படுறாங்க" என்ற வசனமும் வேண்டாம். அவள் மனதில் அறுத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம்.

ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாளா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றைக்குத் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டில் இருக்கும் பெரியவரை அழைத்து, பூச்சிமருந்து, களைநாசினி, மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டச் சொல்லி, அவரோடேயே ஆதார வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஏதாவது விழுங்கிவிட்டதாகச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள் என்று காத்திருக்க வேண்டாம். சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கூட அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் ஈரலைக் கெடுக்கும், மாற்று மருந்து முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும். 1990 அம்புலன்ஸ், காசு இல்லை. பேச ஆள் வேண்டுமானால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். பிள்ளைக்கு வீட்டில் யாராவது தொல்லை கொடுப்பதாகத் தெரிந்தால் 1929.

பையன்கள்: கல்வி கட்டாயம் 16 வயது வரை. வேலைக்குச் சேர்க்கக்கூடிய வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆனது. ஆபத்தான வேலைக்கு 18. ஆனால் 15 வயதுப் பையனைச் சட்டம் காட்டித் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவான், வீட்டுக் கடன் அப்படியே இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் வீட்டுக்கு ஆள் போக வேண்டும், மூன்று வாரம் விட்டால் அவன் கையில் முதல் சம்பளம் வந்துவிடும், பிறகு திரும்பமாட்டான். அதே பயணத்தில் அந்த வீட்டுக்கு அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கிறதா, எந்தப் பிரிவில் என்று பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து மாதம் வறிய குடும்பத்துக்கு 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய். லயத்தில் ஒரே முகவரியில் மூன்று குடும்பம் இருப்பதால் ஒரு குடும்பமாகப் பதிவானவர்கள், வங்கிக் கணக்கு திறக்காததால் பணம் வராதவர்கள், அடையாள அட்டையில் பெயர் ஒரு எழுத்து மாறினவர்கள் உண்டு. கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு பிரதேச செயலக நலன்புரிப் பிரிவுக்குப் போக வேண்டும். பையனின் பிறப்புச் சான்றிதழையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்ப நேரத்தில் அது இல்லாமல் நின்றுபோகிறவர்கள் நிறைய.

---

பரிசோதகர்_வடக்கு:

டீச்சர், ஒண்டு மறந்து போனன். கடலை தொடங்க முதல் சமைக்கிற ஆளுக்கு மருத்துவச் சான்றிதழும், தண்ணிக்கு குளோரினும். தோட்டத்துப் பீலித் தண்ணி (மலை ஊற்றுத் தண்ணி) எண்டால் கொதிக்க வையுங்கோ. முதல் வாரமே வயித்தோட்டம் வந்தால் கடலையில பழி விழும், பிறகு மாத்திரையும் சேர்ந்து நிண்டுபோம். உங்கட பகுதி பி.எச்.ஐ.க்கு இண்டைக்கே கடிதம் எழுதுங்கோ, ஒரு பிரதி உங்கட ஃபைலில இருக்கட்டும்.